என் மச்சான் சொன்னதே சரி

ஆர்லனின் கேம்பர், அந்தச் சக்கரம் வைத்த சின்ன வீடு, பாதைக்குக் குறுக்கே நின்றது. அதை இழுத்துவந்த பிக்கப் வண்டி வேறு திசையைப் பார்த்து நின்றது. இரண்டும் சண்டை போட்டு முகம் திருப்பிக்கொண்ட மாதிரி ஒரு கோலம். பின்னால் நாலைந்து வண்டிகள் வரிசை கட்டிவிட்டன. ஒருவரும் ஹார்ன் அடிக்கவில்லை. அடித்திருந்தால்கூட ஆர்லனுக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

மே மாதக் கடைசி வெள்ளிக்கிழமை சாயங்காலம் லூன் ஏரி முகாமில் இதைவிடப் பெரிய கேளிக்கை கிடையாது. முன்னாலேயே வந்து இடம் பிடித்தவர்கள் மடக்கு நாற்காலிகளை ஏரிக்கு முதுகு காட்டிப் பாதையைப் பார்க்கத் திருப்பிப் போட்டுக்கொள்வார்கள். ஏரி எங்கும் போய்விடாது, நாளைக்கும் பார்க்கலாம். கேம்பரை ரிவர்ஸில் தன் இடத்தில் வைக்கத் திணறுகிறவனை இன்றைக்கு விட்டால் அடுத்த வருடம்தான். கையில் பீர், மடியில் வறுத்த சீஸ் துண்டுகள். யாரும் எழுந்து வந்து உதவ மாட்டார்கள். கேட்காமல் உதவினால் எங்கள் விஸ்கான்சின் பக்கத்தில் அது ஒருவனை முகத்துக்கு நேரே அவமானப்படுத்துவது. உதவி கேட்பது அதைவிடக் கேவலம். ஆகவே எல்லோரும் மிகுந்த மரியாதையோடு வேடிக்கை பார்ப்பார்கள்.

முதல் வரிசையில், தன் கேம்பருக்கு முன்னால், பெரிய நாற்காலியில் கஸ் உட்கார்ந்திருந்தான். ஆர்லனின் மனைவி லோரெட்டாவுக்கு அண்ணன்.

"என்ன மாப்ளே, நீ கேம்பர இழுக்கறியா, கேம்பர் உன்ன இழுக்குதா?"

ஆர்லன் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி, "ரோடு சரியில்ல மச்சான்" என்றான்.

ரோடு நன்றாகத்தான் இருந்தது.

எல்லாம் ஈஸ்டர் விருந்தில் ஆரம்பித்தது. அதுவரை ஆர்லனும் லோரெட்டாவும் கூடாரத்தில்தான் படுத்தார்கள். போன குளிர்காலத்தில் ஆர்லன் பழைய காரை விற்று ஒரு நடுத்தர அளவு பிக்கப் வாங்கினான். அதற்குப் பின்னால் மாட்ட ஒரு கேம்பரும் வாங்கினான். கேம்பர் யாரோ உபயோகித்தது. பிக்கப் புத்தம் புதிது, ஏரித் தண்ணீர் நிறம். பனி கொட்டும்போதுகூட அதைத் துடைத்துக்கொண்டு நிற்பான். கஸ்ஸின் வண்டி வேறு ரகம். டீசல். பின்னால் மட்டும் நாலு சக்கரம். அதை முற்றத்தில் கிளப்பினால் அடுக்களை அலமாரியில் தட்டுகள் பேச ஆரம்பிக்கும். அப்படிப்பட்டவன் ஆர்லனின் பிக்கப்பைச் சுற்றி ஒரு தடவை நடந்துவிட்டு வந்து மேசையில் உட்கார்ந்து, "நல்லா இருக்கு. இது பெருசானதும் என்ன ஆகும்?" என்று கேட்டான்.

மேசையில் எல்லோரும் சிரித்தார்கள். லோரெட்டாகூட லேசாகச் சிரித்தாள். அதுதான் ஆர்லனுக்குச் சுருக்கென்று பட்டது.

ஆர்லன் சீஸ் தொழிற்சாலையில் எடை பார்க்கிறவன். கண்ணால் பார்த்தே ஒரு பாளத்தின் எடையைச் சொல்லிவிடுவான், ஆனாலும் தராசில் வைக்காமல் விட மாட்டான். கேம்பரையும் தீவன ஆலைத் தராசில் ஏற்றி, உள்ளே பாத்திரம் படுக்கை எல்லாம் வைத்தே நிறுத்துப் பார்த்திருந்தான். தன் பிக்கப் அதைச் சுளுவாக இழுக்கும் என்று மேசையில் அடித்துச் சொன்னான். இழுக்கலாம், ஆனால் இழுப்பதா பெரிய விஷயம், இடத்தில் வைக்க வேண்டாமா என்று கஸ் திருப்பினான். அதையும் செய்வேன் என்றான் ஆர்லன். பேச்சு வளர்ந்து பந்தயத்தில் முடிந்தது. நிபந்தனை கஸ்ஸினுடையது.

"நீயே இழுத்துட்டு வரணும், நீயே எடத்துல வெக்கணும். வேற ஒருத்தர் கை ஸ்டீயரிங்ல பட்டா நீ தோத்த."

தோற்றவன் தன் வண்டியின் பின்பக்கம் ஒரு ஸ்டிக்கர் ஒட்டிக்கொண்டு கோடை முழுக்க ஊருக்குள் ஓட்ட வேண்டும். 'என் மச்சான் சொன்னதே சரி' என்று கொட்டை எழுத்தில். கஸ் மறுநாளே அச்சடித்துவிட்டான். ஒன்றே ஒன்றுதான் அச்சடித்தான். அவ்வளவு நம்பிக்கை. அதன் நீளத்தைப் பார்த்தால் ஆர்லனின் பிக்கப்பின் பம்பரை அளந்து அடித்தது போலத்தான் இருந்தது.

நம்பிக்கைக்குக் காரணம் இருந்தது. லூன் ஏரியில் கஸ்ஸின் கேம்பர் நிற்கிற அழகை ஊரே அறியும். இரண்டு பிர்ச் மரங்களுக்கு நடுவே, வேலிக்கு இணையாக, கோடு போட்ட மாதிரி நிற்கும். அவன் மனைவி ஜெனெட்டுக்கு வெள்ளிக்கிழமை மத்தியானம் வரைக்கும் பல் டாக்டரிடம் வேலை, அவள் காரில் பிறகு வருவாள். கஸ் புதன்கிழமையே தனியாகக் கிளம்பிவிடுவான். நல்ல மீன் புதன்கிழமைதான் கடிக்கும் என்பான். போகும்போது முகாமைப் பார்த்துக்கொள்ளும் டார்லீனுக்குத் தன் கையால் புகைபோட்ட இறைச்சி சாசேஜ் ஒரு வளையம் எடுத்துப்போவான். தாராள மனசு என்று குடும்பத்தில் எல்லோரும் மெச்சுவார்கள்.

ஆர்லன் சும்மா இருக்கவில்லை, பயிற்சி எடுத்தான். கேம்பரை வைத்துப் பழகினால் அக்கம்பக்கம் பார்க்குமே என்று, தோட்டக் குப்பை அள்ளும் சின்ன ட்ரெய்லர் ஒன்றை இரவல் வாங்கி பிக்கப்பில் மாட்டிக்கொண்டு தேவாலயத்து வாகன மைதானத்துக்குப் போனான். அங்கேதான் தப்பு நடந்தது. சின்ன ட்ரெய்லர் பெரியதைவிடப் பொல்லாதது. ஸ்டீயரிங்கை இப்படித் தொட்டால் அது பட்டென்று மடங்கும், அப்படித் தொட்டால் மறுபக்கம் மடங்கும். அதோடு மல்லுக்கட்டி மல்லுக்கட்டி ஆர்லனின் கை ரொட்டி மாவு பிசைகிற வேகத்துக்குப் பழகிவிட்டது. வெள்ளிக்கிழமை மீன் விருந்துக்கு வைத்திருந்த அறிவிப்புப் பலகையைச் சாய்த்தானே தவிர, முடிவில் ட்ரெய்லரை இரண்டு கோடுகளுக்கு நடுவே வைத்துவிட்டான். மார்பு விரிய வீட்டுக்கு வந்தான்.

இன்றைக்கு வழியில் ஒற்றைப் பைன் மேட்டில் அந்தப் பிக்கப் ஏறியதைச் சொல்லாமல் விடக்கூடாது. முக்கவில்லை, முனகவில்லை. கேம்பர் பின்னால் இருப்பதே தெரியாமல் ஏறியது. ஆர்லன் உச்சியில் வண்டியை ஓரங்கட்டி, இறங்கி, அதன் பானட்டைத் தட்டிக் கொடுத்தான். லோரெட்டாவின் முகத்திலும் பெருமை தெரிந்தது. வண்டியில் ஒரு குறையும் இல்லை என்பது அங்கேயே முடிவாகிவிட்டது.

குறையெல்லாம் கையில்தான். நீளமான கேம்பர், சின்ன ட்ரெய்லர் மாதிரி உடனே திரும்பாது. யோசித்துத்தான் திரும்பும். அது யோசிப்பதற்குள் ஆர்லனின் கை இன்னொரு சுற்றுச் சுற்றியிருக்கும். முதல் முயற்சியில் பாதைக்குக் குறுக்கே நின்றது அப்படித்தான்.

இரண்டாவது முயற்சிக்கு லோரெட்டா இறங்கிப் பின்னால் போய்க் கை காட்டினாள். எங்கே நின்றால் கண்ணாடியில் ஆள் தெரியாதோ சரியாக அங்கே நின்றாள். தெரிந்த நேரத்தில் அவள் கை காட்டியது வரச் சொன்னதா, நிற்கச் சொன்னதா, கொசு விரட்டியதா என்று ஆர்லனுக்கு விளங்கவில்லை. எங்கள் பக்கத்தில் மே மாதக் கொசு அப்படி. கேம்பர் இப்போது இன்னும் மோசமாக, பக்கத்து இடத்துக்காரரின் துணிக்கொடியைத் தொட்டுக்கொண்டு நின்றது.

"நிறுத்துன்னு காட்டினேன்ல?"

"அது நிறுத்தா? என்னப் பாத்து டாட்டா காட்டறியோன்னு நெனச்சேன்."

"டாட்டா காட்டற நெலமைலதான் இருக்கேன்."

ஆர்லன் இதற்கும் ஏற்பாடு செய்து வைத்திருந்தான். இருக்கைக்கு அடியிலிருந்து புதுசாக வாங்கிய வாக்கி-டாக்கி இரண்டை எடுத்தான். இனிமேல் கையும் வேண்டாம் காலும் வேண்டாம், வாயால் சொன்னால் போதும். நாற்காலிக் கூட்டத்தில் ஒரு மெச்சல் முணுமுணுப்பு எழுந்தது. ஆள் தயாராகத்தான் வந்திருக்கிறான்.

"இடது பக்கம் ஒடி" என்றது வாக்கி-டாக்கி. ஒடித்தான். "இன்னும் கொஞ்சம். பயப்படாம வா. பின்னால ஒண்ணும் இல்ல." குரல் கொஞ்சம் கரகரத்தது. அத்தனை கனிவாக லோரெட்டா பேசி அவன் கேட்டதில்லை, ஆனாலும் அவன் சந்தேகப்படவில்லை. சந்தோஷமாக வந்தான். "வா வா, நல்லா வா, ட்ராய் கண்ணு" என்று சொன்ன பிறகுதான் அவனுக்கு உறைத்தது. முகாமின் அந்தப் பக்கத்தில் ட்ராய் என்ற ஒருவன் தன் கேம்பரை வைத்துக்கொண்டிருந்தான். அவன் மனைவியும் அதே வாக்கி-டாக்கி வாங்கியிருந்தாள்.

கல்யாணமான நாளிலிருந்து சொந்த மனைவி சொன்னதைக் கேட்காதவன், முகம் தெரியாத ஒருத்தியின் பேச்சைக் கேட்டு, தன் கேம்பரின் பின்முனையால் தண்ணீர்க் குழாயைச் சாய்த்தான். தண்ணீர் பிர்ச் மர உயரத்துக்குப் பீய்ச்சி அடித்தது. லோரெட்டா கையில் வாக்கி-டாக்கியோடு அதற்குக் கீழே நின்றாள். அவளும் அவ்வளவு நேரம் ஏதோ கத்திக்கொண்டுதான் இருந்திருக்கிறாள்.

நாற்காலிகள் ஒரு பத்தடி பின்னால் நகர்ந்தன. யாரும் எழுந்து போகவில்லை.

வாசலில் வருகிறவர்களுக்குச் சீட்டுக் கொடுத்துக்கொண்டிருந்த டார்லீனிடம் யாரோ ஓடிப்போய்ச் சொன்னார்கள். அவள் கோல்ஃப் வண்டியில் ஏறி, மெயின் வால்வை மூட முகாமின் மறுகோடிக்குப் பறந்தாள். அதை மூடி முடிப்பதற்குள் ஆர்லனின் இடம் சேறாகிவிட்டது. கஸ் தன் பூட்ஸைத் தூக்கி நாற்காலியின் குறுக்குக் கம்பிமேல் வைத்துக்கொண்டான். சட்டைப் பையிலிருந்து ஸ்டிக்கரின் ஒரு முனை எட்டிப் பார்த்தது.

ஆர்லன் வண்டியை அணைத்தான். சேற்றில் நடந்து போய்க் கஸ்ஸின் முன்னால் நின்றான். அந்த நாலு அடி அவனுக்கு ஒற்றைப் பைன் மேட்டைவிடச் செங்குத்தாக இருந்தது. அத்தனை பேரும் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள், ஏனென்றால் ஒருவன் உதவி கேட்கப்போகிறான் என்பது எல்லோருக்கும் தெரிந்துவிட்டது.

"மச்சான், தோத்துட்டேன்னே வெச்சுக்கோ. ஸ்டிக்கர ஒட்டிக்கறேன். லோரெட்டா நனஞ்சு நிக்கறா. நீ வந்து வெச்சுக் குடு."

சாவியை நீட்டினான்.

கஸ் துள்ளிக் குதித்திருக்க வேண்டும். குதிக்கவில்லை. சாவியைப் பார்த்தான், ஆர்லனைப் பார்த்தான், பிறகு தன் முழங்காலைப் பார்த்தான். முட்டி இன்றைக்குச் சரியில்லை என்றான். அதோடு பீர் வேறு குடித்திருக்கிறேன் என்றான். லோரெட்டா கூந்தலைப் பிழிந்துகொண்டே, போன மாதம் கல்யாணத்தில் ராத்திரி முழுக்க ஆடியது அந்த முட்டிதானே என்று கேட்டாள். கஸ் அவளைக் கண்டுகொள்ளாமல் எழுந்து நின்று, ஆர்லனின் கையில் சாவியைத் திருப்பி வைத்து மூடினான்.

"இல்ல மாப்ளே. நான் வெச்சுட்டா நீ என்னைக்குக் கத்துக்கப் போற? இன்னொரு சான்ஸ் எடுத்துக்கோ. நான் பொறுத்துக்கறேன்."

கூட்டத்தில் பெரிய மனுஷன் என்று ஒருவர் சொல்லியே விட்டார். ஜெயித்த பந்தயத்தை இப்படி விட்டுக்கொடுக்க யாருக்கு மனசு வரும்? ஆர்லனே கஸ்ஸின் கையைப் பிடித்துக் குலுக்கினான். இவ்வளவு நாளும் இந்த ஆளைத் தப்பாக நினைத்துவிட்டோமே என்று வெட்கப்பட்டுக்கொண்டு வண்டிக்குத் திரும்பினான்.

இந்தப் பக்கம் சேறு, ஆகவே சுற்றிக்கொண்டு மறுபக்கமாக வந்து நுழைவது என்று தீர்மானித்தான். முகாமில் பாதை வளையமாக ஓடும், ஒரே திசையில்தான் போகலாம். அம்புக்குறி போட்டிருக்கும். வரிசை கட்டிய வண்டிகளை முதலில் போகவிட்டு, ஆர்லன் அம்புக்குறிக்கு எதிரே போனான். இந்த நேரத்தில் யார் வரப்போகிறார்கள் என்று நினைத்தான்.

வளைவில் எதிரே வந்தது கழிவுத் தொட்டி உறிஞ்சும் லாரி.

ரப்பர் பூட்ஸ் போட்ட டிரைவர் இறங்கக்கூட இல்லை. ஜன்னலில் முழங்கையை வைத்துக்கொண்டு அமைதியாகச் சொன்னான்.

"என்னால ரிவர்ஸ் எடுக்க முடியாது சார். வண்டி நெறஞ்சிருக்கு. குலுங்கினா நஷ்டம் உங்களுக்குத்தான்."

அது நியாயமான பேச்சாக இருந்தது. ஆர்லன் ரிவர்ஸ் போட்டான். லாரி அவன் முகத்துக்கு நேரே, ஒரு கை தூரத்தில், மெதுவாக நகர்ந்து வந்தது. அதன் மூடி ஒவ்வொரு குழிக்கும் லேசாகத் தத்தியது. ஆர்லனுக்குப் பயத்தில் கை ஓடவில்லை. ஸ்டீயரிங்கைத் தொட்டும் தொடாமலும் பிடித்துக்கொண்டு மூச்சைக்கூட மெல்ல விட்டான். இவ்வளவு போதும் என்று நகர்த்தினான், கேம்பர் யோசிக்கும்வரை காத்திருந்தான், பிறகு இன்னும் கொஞ்சம் நகர்த்தினான்.

பாதி வளைவு வந்தபிறகுதான் கவனித்தான். கேம்பர் ஒழுங்காகப் போய்க்கொண்டிருந்தது. குறுக்கே போகவில்லை, மடங்கவில்லை. சாதுவாகப் பாதையோடு வளைந்தது. லாரி டிரைவர் கட்டைவிரலை உயர்த்திக் காட்டினான். ஆர்லனின் முதுகு தானாக நிமிர்ந்தது. வாக்கி-டாக்கியில் ட்ராயின் மனைவி இன்னும் கனிவாகப் பேசிக்கொண்டிருந்தாள். அதை அணைத்தான்.

நாற்காலிக்காரர்கள் முதலில் கண்டது வளைவைத் தாண்டிப் பின்பக்கமாக வருகிற ஒரு கேம்பரை. அதற்குப் பின்னால் அந்த ஏரித் தண்ணீர் நிறப் பிக்கப். அதற்குப் பின்னால் ஊர்வலத்துக்குப் பாதுகாப்பு வருகிற மாதிரி கழிவு லாரி. லோரெட்டா கை காட்டவில்லை, கத்தவில்லை. ஓரமாக நின்று இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள். ஆர்லன் அவளைக் கண்ணாடியில் பார்த்தான். தன் இடத்துக்கு எதிரே வந்ததும் ஸ்டீயரிங்கை மெதுவாக ஒடித்தான், காத்திருந்தான், நேராக்கினான். சேற்றில் சக்கரம் ஒருமுறை வழுக்கியது. நாலு சக்கர இயக்கத்தைப் போட்டான். பிக்கப் உறுமாமல் பிடித்துக்கொண்டது. கேம்பர் இடத்துக்குள் போனது.

நேராக நின்றது என்று சொல்ல மாட்டேன். கொஞ்சம் கோணல். பின்முனை மரத்தைப் பார்த்தது, முன்முனை ஏரியைப் பார்த்தது. ஆனால் நின்றது அவன் இடத்தில்தான், வைத்தது அவன் கைதான். ஆர்லன் இறங்கினான். பீர் டப்பாக்களை நாற்காலிக் கையில் தட்டுகிற சத்தம் ஏரிவரை கேட்டது. அதுதான் எங்கள் பக்கத்துக் கைதட்டல். லோரெட்டா ஈரத் துணியோடு வந்து அவனைக் கட்டிக்கொண்டு, அந்த வண்டியைப் பார்த்து நான் ஈஸ்டர் அன்றைக்குச் சிரித்திருக்கக் கூடாது என்று காதில் சொன்னாள். அவனுக்கு அது போதும். அந்த நிமிஷம் விஸ்கான்சினில் அவனைவிடப் பெரிய வண்டிக்காரன் கிடையாது.

கஸ் மட்டும் தட்டவில்லை. ஒரு முட்டையை எடுத்துக்கொண்டு ஆர்லனின் கேம்பருக்குள் போய், மட்டமாக நிற்கிறதா என்று பார்க்கத் தரையில் வைத்தான். முட்டை ஒரு மூலையை நோக்கி உருண்டது. சந்தோஷமாகிவிட்டான்.

"பாத்தியா மாப்ளே? கோணல். கேம்பர வெக்கறதுன்னா என்னோடத வெச்ச மாதிரி வெக்கணும். இது வெச்சதுல சேராது." முட்டி வலியெல்லாம் பறந்துபோய்விட்டது. துள்ளி இறங்கி, ஸ்டிக்கரை எடுத்து, பின்தாளின் ஒரு முனையைப் பிரித்துக்கொண்டே ஆர்லனின் பம்பருக்கு முன்னால் குனிந்தான். கூட்டத்தில் சிலர் ஆர்லனின் கேம்பரைப் பார்த்தார்கள், கஸ்ஸின் கேம்பரைப் பார்த்தார்கள், இரண்டையும் ஒப்பிட்டால் நியாயம் கஸ் பக்கம்தானோ என்று தலையைச் சொறிந்தார்கள். அப்போதுதான் காரில் வந்து இறங்கிய ஜெனெட், என்ன நடக்கிறது என்று பக்கத்தில் இருந்தவரிடம் கேட்டுக்கொண்டிருந்தாள்.

கோல்ஃப் வண்டி வந்து நின்றது. டார்லீன் கையில் பெரிய ஸ்பானரோடு, முழங்கால்வரை நனைந்து இறங்கினாள். ஆர்லன் முந்திக்கொண்டு குழாயைத் தானே மாற்றித் தருவதாகச் சொல்லி மன்னிப்புக் கேட்டான். அவள் சாய்ந்த குழாயைப் பார்த்தாள், சேற்றைப் பார்த்தாள், நனைந்த லோரெட்டாவைப் பார்த்து உச்சுக் கொட்டினாள்.

"குழாய் கெடக்கு விடுங்க, நாளைக்கு மாத்திக்கலாம். இவ்வளவு பாடு எதுக்குங்க உங்களுக்கு? உங்க மச்சான் மாதிரி புதன்கிழமையே ஆளில்லாத நேரமா வந்து, ஒரு வளையம் சாசேஜக் குடுத்து சாவிய எங்கிட்ட நீட்டியிருந்தா, வருஷா வருஷம் அவருக்கு வெச்சுக் குடுக்கற மாதிரி உங்களுக்கும் நானே நேரா வெச்சுக் குடுத்திருப்பேனே."